வான் பொது என்றனர். வாய் யாருக்குத் தந்தனர்?

காற்றுக்குப் பட்டா உண்டோ? கதிரவன் ஒளிக்கு வேலி உண்டோ? "இல்லை" என்று பள்ளிச் சிறுவனும் பகர்வான். ஆனால், கண்ணுக்குத் தெரியாமல், காற்றே இல்லாத வெளியிலும் கடிது பாயும் வானொலி அலைகளுக்குப் பட்டா உண்டு, வேலி உண்டு, ஏலம் உண்டு, உரிமம் பெற்றவர் தவிர மற்றவர் அங்கே வாய் திறக்கலாகாது என்ற சட்டமும் உண்டு.

வேலியே கூடாது என்று வாதிட நாம் வரவில்லை. ஒரே ஊரில், ஒரே அலைவரிசையில், இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கேளா, இரைச்சல்தான் மிஞ்சும். பண்பலை என நாம் அழைக்கும் பகுதி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, அவ்வளவே. அந்தச் சிறு நிலத்தைப் பலர் பகிர்ந்து உழ வேண்டுமானால் வரப்பு வேண்டும். வரப்பு வேண்டும் என்று சொல்வது விஞ்ஞானம். எந்தப் பாத்தி யாருக்கு என்று சொல்வதோ நீதி. அந்த நீதியை, நிலத்துக்கு உரியவனை ஒரு வார்த்தை கேளாமல் வழங்கலாமா? இதுதான் நம் கேள்வி.

நிலத்துக்கு உரியவன் யார் என்பதில் ஐயமில்லை. 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. வழக்கு பிறந்ததோ விளையாட்டில்! 1993-இல் நடந்த கிரிக்கெட் போட்டிகளைப் படம்பிடித்து ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் மூண்ட சச்சரவு, உச்சநீதிமன்றம் வரை உருண்டு சென்றது. நீதிபதிகள் சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி மூவரும், பந்தாட்டச் சச்சரவுக்குத் தீர்வு சொன்னதோடு நில்லாமல், பாராளும் முறைக்கே பாடம் சொன்னார்கள். அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றார்கள். அவற்றின் பயன்பாட்டைப் பொதுநலம் கருதி ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார்கள். அதற்கென, சமுதாயத்தின் எல்லாப் பிரிவினரையும் எல்லா நலன்களையும் எதிரொலிக்கும் தன்னாட்சி ஆணையம் ஒன்றை மத்திய அரசு உடனே நிறுவ வேண்டும் என்று ஆணையிட்டார்கள். அரசின் தனியுரிமையும் ஆகாது, பணக்காரரின் தனியுரிமையும் ஆகாது என்ற கருத்தையும் நீதிபதி ஜீவன் ரெட்டி விரித்துரைத்தார்.

அழகிய தீர்ப்பு! பாராட்டுகிறோம். ஆனால், திறனாய்வு செய்யப் புகுந்தோர் பாராட்டோடு நிற்க முடியாது. ஏட்டுக்கும் நாட்டுக்கும் இடையே எத்தனை காதம் என்று அளந்து பார்க்கவும் வேண்டும்.

அத்தீர்ப்பு பொதுமக்களுக்கு 'உடைமையாளர்' என்று பெயர் சூட்டிற்று. அந்த உடைமையாளரைக் கேட்பது எப்படி, எந்த மொழியில், எந்த ஊரில், கேட்டபின் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியவர் யார் — இவற்றுக்கு முறை வகுக்கவில்லை. முடி சூட்டினார்கள், அவைக்குள் நுழைய வாயில் வைக்க மறந்தார்கள்! வாயில் இல்லா அரண்மனைக்கு வெளியே நிற்கும் மன்னன்போல நிற்கிறான் பொதுமகன்.

வாயில் என்று எதைக் குறிக்கிறோம்? அந்தத் தீர்ப்பே அமெரிக்க வழக்குகள் சிலவற்றை எடுத்துப் பேசுகிறது. நாமும் அங்கே சென்று, வாயில் திறக்கப்பட்ட ஊரைப் பார்த்து வருவோம்.

மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகர் ஜாக்சன். நிறவெறி கொடிகட்டிப் பறந்த ஊர். அங்கே டபிள்யூஎல்பிடி என்றொரு தொலைக்காட்சி நிலையம். அது எட்டிய பகுதியில் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 45 பேரளவில் கறுப்பின மக்கள். ஆனால், திரையிலோ அவர்கள் முகமும் இல்லை, முறையீடும் இல்லை! கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் தலைமை வழக்குரைஞர் தேசிய நிகழ்ச்சி ஒன்றில் தோன்றியபோது, வேண்டுமென்றே ஒளிபரப்பைத் துண்டித்து, 'மன்னிக்கவும், கம்பியில் கோளாறு' என்று பலகை காட்டினார்கள் என்ற புகார் 1955-லேயே எழுந்தது. கம்பியிலா கோளாறு? கருத்தில் அல்லவா கோளாறு!

ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பின், 1963 மே மாதத்தில், மெட்கர் எவர்ஸ் என்ற உரிமைப் போராளிக்குப் பதிலுரைக்கச் சில நிமிடங்கள் கிடைத்தன. அடுத்த மாதம் 12-ஆம் நாள் அவர் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வானலையில் வாய் திறப்பது எத்துணை ஆபத்தான செயலாக அவ்வூரில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1964-இல் அந்நிலையத்தின் உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டிய வேளை வந்தது. ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல்தொடர்பு அலுவலகத்தை நடத்திவந்த எவரெட் பார்க்கரும், ஜாக்சன் நகரத்துக் கறுப்பினத் தலைவர்களும் என்ன செய்தார்கள்? கூட்டம் போட்டுக் கண்டித்ததோடு நிற்கவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு வாரம் முழுதும் அந்நிலையம் ஒளிபரப்பியதைத் தொண்டர்கள் அமர்ந்து பார்த்தார்கள், குறித்தார்கள், கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கோடு, 'உரிமத்தைப் புதுப்பிக்காதே' என்று ஆணையத்திடம் மனு கொடுத்தார்கள். குமுறலைக் கணக்காக்கினார்கள், கணக்கைக் கருவியாக்கினார்கள்!

ஆணையம் சொன்ன விடை என்ன தெரியுமா, தோழர்களே? 'நீங்கள் யார்?' என்பதுதான். வேறொரு நிலையம் வந்து எமக்குப் பணநட்டம் என்றால் கேட்போம். எம் அலைவரிசையில் இடையூறு என்றால் கேட்போம். வெறுமனே பார்ப்பவனுக்கும் கேட்பவனுக்கும் வழக்காட உரிமையில்லை என்றது. பணப்பைக்கு வலித்தால் நீதி உண்டு. நெஞ்சுக்கு வலித்தால் இல்லை! 1965-இல், ஓராண்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு உரிமமும் புதுப்பிக்கப்பட்டது.

வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1966-இல் நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பு எழுதினார்: பொதுநலம் காக்கவே உரிமம் தரப்படுகிறது எனில், அந்தப் பொதுமக்களையே விசாரணைக்கு வெளியே நிறுத்துவது பொருந்தாது, கேட்போருக்கு ஆணையத்தின் முன் நிற்கும் உரிமை உண்டு. வாயில் திறந்தது! அப்போதும் ஆணையம் அடங்கவில்லை. விசாரணை என்று ஒன்றை நடத்தி, 1968-இல் மீண்டும் உரிமம் கொடுத்தது. 1969-இல் அதே நீதிமன்றம், அந்த விசாரணை நடந்த விதத்தையே கடிந்து, உரிமத்தை நீக்கிற்று. 1971-இல் இரு நிறத்தாரும் இணைந்த அமைப்பொன்று நிலையத்தை ஏற்றது. 1972-இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் அதன் பொது மேலாளரானார்.

இந்தக் கதை நமக்குப் புதியதன்று. வைக்கத்தில் 1924-இல் பெரியார் சிறை புகுந்தது எதற்காக? தெரு பொது, பராமரித்தது பொதுப்பணம், ஆனால் நடக்கும் கால்களுக்கு மட்டும் சாதி பார்த்தார்கள்! பொது என்று பெயர் வைத்துவிட்டுப் பொதுமக்களை வெளியே நிறுத்தும் வித்தை, வைக்கத்துத் தெருவிலும் உண்டு, ஜாக்சன் வானலையிலும் உண்டு. தெருவைத் திறக்கத் தெருவிலேயே நிற்க வேண்டியிருந்தது. வானலையைத் திறக்க விசாரணை மண்டபத்தில் நிற்க வேண்டியிருந்தது.

"அலைவரிசை நுட்பம் நிறைந்தது, ஆடு மேய்ப்பவனுக்கும் அறுவடைக்காரிக்கும் அதில் என்ன தெரியும்? அறிஞர்களிடம் விட்டுவிடுங்கள்" என்பர் சிலர். இந்த வாதத்தையும் அமெரிக்காவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பகுத்தறிவாளர் நாம், சோதனையின் முடிவைக் கேட்போம்.

2000-ஆம் ஆண்டு சனவரியில், 100 வாட்டுக்கு மேற்படாத சிறு பண்பலை நிலையங்களுக்கு ஊர்ச் சங்கங்களும் பள்ளிகளும் உரிமம் பெறலாம் என்று அதே ஆணையம் அறிவித்தது. அங்கே அலைவரிசைகள் 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வகுக்கப்பட்டவை. பெரிய நிலையத்திலிருந்து மூன்றாம் வரிசையில், அதாவது 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, சிறு நிலையம் இருக்கலாம். இடையூறு நேராது என்று ஆணையத்தின் பொறியாளர்கள் கூறினர். பெருநிலைய முதலாளிகள் பதறினர். 'இரைச்சல்! இடையூறு!' என்று நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சட்டம் ஒன்று வந்து மூன்றாம் வரிசையை மூடிற்று. பெருநகரங்களில் சிறு நிலையங்களுக்கு இடமே இல்லாமற் போயிற்று.

அதே சட்டம், இடையூறு உண்டா என்று அளந்து பார்க்கவும் சொல்லியிருந்தது. மிட்டர் என்ற ஆய்வு நிறுவனம் அளந்தது. 2003-இல் அறிக்கை வந்தது: அஞ்சியபடி இடையூறு இல்லை, அந்தத் தடை தேவையில்லை! அளவுகோல் பேசிய பிறகும் ஆதிக்கம் உடனே அசையவில்லை. மக்கள் குழுக்கள் ஆண்டுதோறும் சென்று வாதாடிய பின்னர்தான், 2011 சனவரி 4-ஆம் நாள், தடையை நீக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். இடம் இல்லை என்றார்கள், இடம் இருந்தது. மனம்தான் இல்லை!

அந்தச் சிறு நிலையங்களால் விளைந்தது என்ன? புளோரிடா மாநிலத்தில் இம்மோகலி என்றோர் ஊர். தக்காளி பறிக்கும் கூலித் தொழிலாளர் ஊர். 2003 டிசம்பரில் அத்தொழிலாளர் சங்கம் தன் வானொலியைத் தொடங்கிற்று. ஸ்பானிய மொழியில் மட்டுமன்று, எய்ட்டி நாட்டுக் கிரியோல் மொழியிலும், மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளின் பழங்குடி மொழிகளிலும் அது பேசிற்று. கூலி எவ்வளவு, உரிமை என்ன என்று தம் மொழியில், தம்மில் ஒருவர் குரலில் கேட்டனர் தொழிலாளர். அலைவரிசை நுட்பம் அறியாதவர்கள்தாம் அவர்கள். ஆனால், தங்களிடம் எது மறைக்கப்படுகிறது என்பதை அவர்களைவிட நன்கறிந்த பொறியாளர் எவர்?

கேட்பது மட்டும் போதுமா? போதாது. 2003-இல் பத்திரிகை, தொலைக்காட்சி, வானொலி உடைமை வரம்புகளைத் தளர்த்த அமெரிக்க ஆணையம் முனைந்தபோது, இலட்சக்கணக்கான மக்கள் எதிர்த்து எழுதினர். ஆணையம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் தளர்த்தியே தீர்ந்தது. ஆனால், 2004-இல் நீதிமன்றம் குறுக்கிட்டு, 'நீ போட்ட வரம்புகளுக்குத் தக்க காரணம் காட்டவில்லை' என்று திருப்பியனுப்பியது. அவ்வழக்கின் முதல் மனுதாரர் யார்? சிறு வானொலி நிலையங்களைக் கட்டித்தரும் பிரமீத்தியஸ் என்ற குழு. இம்மோகலி வானொலியை எழுப்பத் தோள் கொடுத்த அதே குழு! கேட்க வேண்டும், கேட்டபின் முடிவுக்குக் காரணம் கூற வேண்டும், காரணம் பொய்யானால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். வாயில் என்று நாம் குறிப்பது இம்மூன்றையும் சேர்த்துத்தான்.

இனி, நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

1995-இல் 'உடனே' நிறுவச் சொன்ன ஆணையம் எங்கே? 1997 மே மாதத்தில் ஒலிபரப்பு மசோதா ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது, அவ்வாண்டு இறுதியில் மக்களவை கலைந்தது, மசோதாவும் மறைந்தது. 2004 சனவரியில், தொலைபேசிக்கென அமைந்த ட்ராய் எனும் ஒழுங்குமுறை ஆணையத்தின் தோளில் ஒலிபரப்பையும் ஏற்றிவைத்தார்கள். சமுதாயத்தின் எல்லாப் பிரிவினரும் அங்கே உளரா என்று கேட்காதீர்கள். அப்படி அமைக்க வேண்டும் என்று ட்ராய் சட்டம் சொல்லவே இல்லை.

நியாயமாகப் பேசுவோம். ட்ராய் கருத்துக் கேட்கிறது. ஆலோசனைத் தாள் வெளியிடுகிறது. எழுத்தில் கருத்து வாங்குகிறது. மறுப்புக் கருத்தும் வாங்குகிறது. திறந்த கூட்டமும் நடத்துகிறது. பல துறைகளில் இதுவும் இல்லை என்பதை ஒப்புகிறோம். ஆனால், அந்தத் தாள் எந்த மொழியில்? ஆங்கிலத்தில். அவகாசம் எவ்வளவு? சில வாரங்கள். பதில் எழுதுவோர் யார்? சம்பளத்துக்கு வழக்குரைஞரை வைத்திருக்கும் நிறுவனங்களே பெரும்பாலும். இத்தனைக்கும் பின் ட்ராய் தருவது பரிந்துரை. அது மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது என்று சட்டமே சொல்கிறது. ஒரே நகரத்துப் பண்பலை நிலையங்களுக்கிடையே 800 கிலோஹெர்ட்ஸ் வேண்டியதில்லை, 400 போதும் என்று 2012-இல் ட்ராய் பரிந்துரைத்தது. 20 மெகாஹெர்ட்ஸ் நிலத்தில் 800 வீதம் வரப்பிட்டால் 25 பாத்தி. 400 வீதம் இட்டால் 50 பாத்தி. கணக்கு எளிது, பஞ்சத்தின் பாதி மனிதன் படைத்தது!

சமுதாய வானொலியைப் பாருங்கள். 2004-இல் அண்ணா பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக வானொலி ஒலித்தது, நமக்குப் பெருமை. 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது, மகிழ்ச்சி. ஆற்றல் 100 வாட். இம்மோகலிக்குக் கிடைத்த அதே 100! ஆனால், அதனோடு ஒரு பூட்டும் வந்தது: செய்தி கூடாது, நடப்பு அரசியல் கூடாது. பின்னர் சற்றுத் தளர்த்தி, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் சொல்லலாம் என்றார்கள். தனியார் பண்பலைக்கும் செய்தியில் பூட்டுத்தான். மணிக்கு 10 நிமிடம் அதற்குச் செய்தி தரலாம் என்று ட்ராய் 2023-இல் பரிந்துரைத்ததே, பூட்டு எத்துணை இறுக்கம் என்பதைக் காட்டவில்லையா?

நாளேடு செய்தி சொல்லலாம். தொலைக்காட்சி நாள் முழுதும் செய்தி சொல்லலாம், சொற்போரும் நடத்தலாம். மலிவான கருவியில், மண்ணின் மொழியில், படிப்பறியாத பாட்டியும் கேட்கும் வானொலி மட்டும் செய்தி சொன்னால் நாடு கவிழ்ந்துவிடுமா? இதில் தர்க்கம் எங்கே?

பாம்பன் தீவில் மீனவர்க்கென 2016-இல் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4 பண்பலையை எண்ணிப் பாருங்கள். அலை உயரம் எவ்வளவு என்று சொல்லலாம். காற்று எத்திசை என்று சொல்லலாம். மீன்வளம் காப்பது எப்படி என்று சொல்லலாம். நல்ல பணி; வாழ்த்துகிறோம். ஆனால், கடலுக்குப் போன கணவனை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றால், ஏன் பிடித்தது, எந்த ஒப்பந்தம், எந்த அரசு என்ன செய்தது என்பதை, விதி விதித்தபடி பார்த்தால், அந்த மீனவர் தம் வானொலியில் தாமே பேசி ஆராய முடியாது! காற்றைப் பற்றிப் பேசு. உன்னைக் கவிழ்த்தது எது என்று பேசாதே — இதுவா பொதுச் சொத்து?

பெயரைக்கூடக் கேட்டு வைப்பதில்லை. 2023 மே மாதத்தில், 'அகில இந்திய வானொலி' இனி 'ஆகாசவாணி' என்றே வழங்கப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. தமிழகம் எதிர்த்தது. சட்டத்தில் உள்ள பெயர்தானே என்றனர். சட்டம் இயற்றியபோதும் கேட்போரைக் கேட்கவில்லை. ஆணை பிறந்தபோதும் கேட்கவில்லை. உடைமையாளன் வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவன், உடைமையாளனிடம் ஒரு சொல் கேட்க வேண்டாவா?

நம்மவர்க்கும் ஒரு சொல். 'நமக்கும் தொலைக்காட்சிகள் உண்டே. கட்சிக்கொரு வரிசை இருக்கிறதே' என்று நிறைவு கொள்வோர் நம்மிடையே உண்டு. கட்சிக்கு வாய் இருப்பது வேறு. எந்தக் கட்சியிலும் பதவி இல்லாத களையெடுப்புக்காரிக்கு வாய் இருப்பது வேறு. தில்லியின் தனியுரிமையை உடைத்து உள்ளூர்த் தனியுரிமையை நாட்டுவது சமூகநீதி ஆகாது. ஆட்சி மன்றத்திலும் அலுவலகத்திலும் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் கேட்ட இயக்கம், அலைவரிசையைப் பங்கிடும் அவையிலும் அதே இடத்தைக் கேட்க வேண்டும்.

ஆகவே, நாம் கோருவது இது. 1995 தீர்ப்பு ஆணையிட்டபடி, எல்லாப் பிரிவினரும் அமரும் தன்னாட்சி ஆணையம் வேண்டும். ஆலோசனைத் தாள் தமிழிலும் மற்ற மொழிகளிலும் ஆங்கிலத்தோடு ஒரே நாளில் வரவேண்டும். விசாரணைக் கூட்டம் தில்லியில் மட்டுமின்றி, நாகையிலும் இராமநாதபுரத்திலும் நடைபெற வேண்டும். மக்கள் கருத்தை மறுத்தால், மறுத்ததற்குக் காரணம் எழுத்தில் வேண்டும்; ஆணையத்துக்கும் இது பொருந்தும், ஆணையத்தை மறுக்கும் அமைச்சகத்துக்கும் இது பொருந்தும். சிறு வானொலியின் செய்திப் பூட்டு உடைய வேண்டும்.

இவற்றை யார் தருவார்? கேளாமல் எவரும் தாரார். ஜாக்சன் நகரத்துத் தொண்டர்கள் ஒரு வாரம் அமர்ந்து கணக்கெடுத்தார்கள். ஐந்தாண்டில் நிலையத்தின் உரிமத்தையே அசைத்தார்கள். நம் ஊர்களிலும் படிப்பகங்கள் உண்டு. மாலை வேளையில் கூடும் இளைஞர் உண்டு. அடுத்த ஆலோசனைத் தாள் வெளிவரும் நாளில், அதைப் படிப்பகத்தின் நடுமேசையில் விரிப்போம். ஆங்கிலம் அறிந்தவர் படித்துச் சொல்லட்டும். அறியாதவர் கேள்வி கேட்கட்டும். நம் பகுதி வானொலி ஒரு வாரம் எவர் குரலை ஒலித்தது, எவர் குரலை ஒலிக்கவில்லை என்று கணக்கெடுப்போம். அந்தக் கணக்கோடு நம் கருத்தை எழுதி, ஊரார் கையெழுத்தோடு அனுப்புவோம்.

தமிழிலேயே எழுதுவோம். புரியவில்லை என்றால், பெயர்த்துப் படித்துக்கொள்ளட்டும். உடைமையாளனின் மொழியைக் கற்பது காவற்காரனின் கடமை!